20 தொன் பாரமும் வீதியின் ஆயுளும்



பாரம் கூடிய லொறியைக் கண்டால் “எத்தனை தொன்?” என்றுதான் கேட்கிறோம். “எத்தனை அச்சு?” என்று கேட்க உலகத்துக்கு நீண்ட காலம் எடுத்தது.

1741இல் இங்கிலாந்தின் சுங்கச் சாலைகளில் வண்டியை நிறுக்கச் சட்டம் வந்தது. 60 அந்தருக்கு மேல் ஏற்றினால் கூடுதலான ஒவ்வோர் அந்தருக்கும் 20 ஷில்லிங். (அந்தர்க் கணக்கு நம் மூத்தவர்களுக்குப் புதிதல்ல.) காசு கட்டினால் வண்டி போகலாம்; குழி அங்கேயே கிடக்கும். 1753இல் சில்லு 9 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்றார்கள். அகலச் சில்லு உருளைபோல் வீதியைச் சமப்படுத்துமாம்!

சரியான விடை அமெரிக்காவில் கிடைத்தது. இலினொய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே சோதனைக்கென்றே வீதி அமைத்து, 1958 முதல் 1960 வரை இராணுவச் சாரதிகள் லொறி ஓட்டினார்கள். ஓர் அச்சின் பாரம் இரட்டித்தால் வீதியின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று தெரிந்தது. பிள்ளைகளோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே 20 தொன்னை இரண்டு அச்சுக்குப் பதில் நான்கு அச்சில் பரப்பினால் சேதம் எட்டில் ஒன்றுதான்.

பாலத்துக்கு அதுவும் போதாது. அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரமும் 1974இல் அமெரிக்கச் சட்டத்துக்குள் வந்தது. எல்லை மீற அங்கே விசேட அனுமதி கொடுப்பது பெரும்பாலும் பிரிக்க முடியாத சுமைக்குத்தான். மின்மாற்றியை வெட்டி ஏற்ற முடியாது. மணலை இரண்டு நடையாகக் கொண்டுபோகலாமே.