மினி காரின் ரப்பர் கூம்புகள்

மினி என்பது 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று பிரிட்டனில் அறிமுகமான சிறிய கார் ஆகும். அதன் வேகமான வடிவமான மினி கூப்பர் 1960களில் மோட்டார் பந்தயங்களில் பெயர் பெற்றது. பெரும்பாலான கார்களின் சக்கரங்களை எஃகுச் சுருள்வில்லோ எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கோ தாங்குகிறது. மினியில் அந்த வேலையைச் செய்பவை நான்கு ரப்பர் கூம்புகள். பழைய மினிகளைப் பராமரிப்போர் இன்றும் இக்கூம்புகளை மாற்றி வருகின்றனர். இப்படி மாற்ற வேண்டியிருப்பதன் காரணம், கூம்புகளுக்கு ரப்பரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

பின்னணி

1956ஆம் ஆண்டு சூயெஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சிறிய, சிக்கனமான கார்களின் தேவை பெருகியது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு, அத்தகைய கார் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பைப் பொறியாளர் அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைத்தார்.

நான்கு பேர் அமரும் காரைச் சுமார் 10 அடி நீளத்துக்குள் அடக்க இசிகோனிஸ் முயன்றார். இதற்காக இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். சக்கரத்தின் விட்டத்தை 10 அங்குலமாகக் குறைத்தார். சக்கரங்களைத் தாங்கும் அமைப்பும் மிகக் குறைந்த இடத்தில் அடங்க வேண்டியிருந்தது. வழக்கமான சுருள்வில்லுக்கு அங்கே போதிய இடம் இல்லை.

மோல்டனின் தீர்வு

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் இசிகோனிஸின் நண்பரான பொறியாளர் அலெக்ஸ் மோல்டன் (1920–2012). அவருடைய குடும்பம் தலைமுறைகளாக ரப்பர் தொழிலில் இருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீபன் மோல்டன், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் 1848இல் ரப்பர் ஆலையை நிறுவியவர்.

மோல்டன் வடிவமைத்த கூம்பில் இரண்டு உலோகப் பாகங்களுக்கு இடையே தடித்த ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் கரம், ஊதுகுழல் போன்ற வடிவமுடைய உலோகத் தண்டு ஒன்றின் வழியாகக் கூம்பை அழுத்தும். சக்கரம் பல அங்குலம் ஏறி இறங்கினாலும், நெம்புகோல் அமைப்பினால் கூம்பு சிறிதளவே அமுங்கும். ஆகவே மிகக் குறைந்த இடமே போதுமானது.

ரப்பருக்கு வேறொரு நன்மையும் இருந்தது. சாதாரணச் சுருள்வில் அமுங்கும் அளவு, அதன் மேல் வைக்கும் எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பள்ளியில் படிக்கும் ஹூக் விதி இதுவே. ரப்பர் கூம்போ அமுங்க அமுங்க விறைப்பு கூடும். மினியின் எடை சுமார் 600 கிலோ மட்டுமே. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் ஏறக்குறைய அதில் பாதி எடை கூடிவிடும். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது மென்மையாகவும், பாரம் ஏறும்போது விறைப்பாகவும் இருக்கும் தாங்கி இத்தகைய எடை குறைந்த காருக்கு ஏற்றதாக இருந்தது.

பந்தயக் களத்தில்

கூப்பர் நிறுவனம் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஃபார்முலா 1 தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. அதன் இணை நிறுவனர் ஜான் கூப்பர், மினியின் திறனை உணர்ந்து அதற்கு வேகமான வடிவம் கொடுக்க முன்வந்தார். சாதாரண மினியின் 848 கன செ.மீ. இயந்திரம் 34 குதிரைத்திறன் தந்தது. 1961இல் வந்த மினி கூப்பரின் 997 கன செ.மீ. இயந்திரம் 55 குதிரைத்திறன் தந்தது. 1963இல் இன்னும் வேகமான கூப்பர் எஸ் வெளிவந்தது.

1964 ஜனவரியில் நடந்த மாண்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் கூப்பர் எஸ் காரை ஓட்டி வென்றார். அந்தக் காரைத் தாங்கியவை ரப்பர் கூம்புகளே. தொடர்ந்து 1965இல் டிமோ மேக்கினனும் 1967இல் ராவ்னோ ஆல்டோனனும் மினியில் வென்றனர்.

இதற்கிடையே 1964இன் பிற்பகுதியில், மோல்டனே உருவாக்கிய ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ அமைப்பு மினிக்கு வந்தது. ஒரே பக்கத்தில் உள்ள முன், பின் சக்கரங்களின் தாங்கிகளைத் திரவக் குழாய் ஒன்று இணைத்தது. இதற்கு ஆன செலவு அதிகம். எனவே 1969 முதல் 1971 வரை படிப்படியாக அது கைவிடப்பட்டு, ரப்பர் கூம்புகள் திரும்பின. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய மினியின் உற்பத்தி முடிவடைந்தது. அதுவரை மொத்தம் சுமார் 53 லட்சம் மினிகள் தயாராகியிருந்தன.

கூம்பு தளர்வது ஏன்?

தொடர்ந்து பாரம் தாங்கும் ரப்பர் காலப்போக்கில் மெல்ல மெல்ல அமுங்கி, பழைய வடிவத்துக்கு முழுமையாகத் திரும்பாமல் போகிறது. நின்றுகொண்டே இருக்கும் காரின் எடையும் கூம்பை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். ஆகவே கொட்டகையில் பல ஆண்டுகள் பத்திரமாக நிறுத்திவைத்த காரிலும் கூம்பு தளரும்.

எஃகுச் சுருள்வில் உடைந்தால் சத்தம் கேட்கும், கார் ஒரு பக்கம் சாயும். ரப்பர் கூம்பு உடைவதில்லை, ஆண்டுக்குச் சிறிதளவு தாழ்கிறது. இதனால் உரிமையாளருக்கு மாற்றம் தெரிவதில்லை. சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறையும். சிறு பள்ளத்திலும் சக்கரக் கரம் அதன் தடுப்புக்கட்டையில் மோதி அதிர்வு எழும். சக்கரங்களின் சாய்வும் மாறுவதால் டயர் சீரற்றுத் தேயும். வளைவுகளில் பிடிப்போடு ஓடுவதற்குப் பெயர் பெற்ற கார் அந்தக் குணத்தை இழந்துவிடும்.

மாற்றும் முறை

பின்பக்கக் கூம்பை மாற்ற, காரை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, அதிர்வு உறிஞ்சியைக் கழற்றிச் சக்கரக் கரத்தைக் கீழே இறக்கினால் தண்டும் கூம்பும் வெளியே வரும். முன்பக்கம் கடினமானது. கூம்பின் நடுவில் உள்ள மறையில் திருகும் தனி அழுத்துக் கருவி அங்கே தேவைப்படும். சக்கரம் தொங்கும் நிலையிலும் கூம்பு அழுத்தத்தில் இருப்பதால், அக்கருவி இல்லாமல் கழற்ற முயல்வது ஆபத்தானது.

ஒரே அச்சின் இரு பக்கக் கூம்புகளையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கார் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். புதிய கூம்புகள் முதலில் சற்று உயரமாக இருந்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் படியும். அதன் பிறகே காரின் உயரத்தையும் சக்கர நேர்மையையும் சரிபார்ப்பது வழக்கம்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டுகளும் சந்தையில் உள்ளன. புதிய கூம்போடு பயன்படுத்தினால் காரின் உயரத்தைத் துல்லியமாக அமைக்க இவை உதவும். பழைய கூம்போடு பயன்படுத்தினால் கார் உயர்ந்து தோன்றுமே தவிர, ரப்பரின் மீள்தன்மை திரும்பாது, பழுதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். வேறு சிலர் கூம்புகளை நீக்கிவிட்டு எஃகுச் சுருள்வில் பொருத்துகின்றனர். காரின் அசல் தன்மையைக் காக்க விரும்புவோர் ரப்பரையே நாடுகின்றனர். மினியின் ஓட்டத்துக்குத் தனிக்குணம் தந்தது மோல்டனின் ரப்பர் கூம்பே என்பதால், அதை உரிய காலத்தில் புதுப்பிப்பதும் அந்தக் காரின் வரலாற்றைப் பாதுகாப்பதில் ஒரு பகுதியாகும்.