எண்ணெயும் முறையும்: பெரோயா நகரத்துக் கல் சொல்லும் செய்தி

நம் ஊர்களில் 'ஜிம்' என்று சுருங்கி வழங்கும் சொல்லின் வேர், ஆடையற்ற நிலையைக் குறிக்கும் 'கும்னோஸ்' என்னும் கிரேக்கச் சொல். ஆடை களைந்து, உடம்பில் எண்ணெய் பூசி, மண்ணில் இறங்கிப் பயிலும் இடத்தைக் கிரேக்கர் 'கும்னாசியோன்' என்றனர். அச்சொல் பல மொழிகளைக் கடந்து, பாதி தேய்ந்து நம் தெருமுனைப் பெயர்ப்பலகைகளில் வந்து நிற்கிறது. அவ்விடங்களின் உட்சுவர்களில் சில அறிவிப்புகளும் தொங்குகின்றன. எடுத்த எடையை எடுத்த இடத்தில் வைக்கவும். இருக்கையில் படிந்த வியர்வையைத் துடைக்கவும். பிறர் காத்திருக்கையில் ஒரே கருவியில் நெடுநேரம் அமர வேண்டாம். இவை இக்கால நாகரிகத்தின் தேவைகள் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில், ஒரு களத்தைப் பல வயதினர் பங்கிட்டுக்கொள்ளும்போது எழும் பிணக்குகள் கூடத்தின் வயதளவு பழையவை. அப்பிணக்குகளைத் தீர்க்க ஒரு நகரம் இயற்றிய சட்டம், பெருமளவுக்குக் கல்லிலேயே நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்நகரம் மாசிடோனியாவின் பெரோயா. விவிலியம் படித்தவர்க்கு, பவுல் சென்ற பட்டணமாக இப்பெயர் அறிமுகமாகியிருக்கும். இன்று வட கிரேக்கத்தில் வெரியா என்று வழங்குகிறது. இரு பக்கங்களிலும் எழுத்துப் பொறித்த பலகைக்கல் ஒன்று 1949இல் அங்கு கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என அறிஞர் கணிக்கின்றனர். கோத்தியே, ஹாட்ஸொப்புலோஸ் ஆகிய இருவர் 1993இல் வெளியிட்ட விரிவான பதிப்புக்குப் பின் அது உலகெங்கும் வரலாற்று மாணவரின் பாடமாயிற்று.

சட்டத்தின் முகவுரையே சுவையானது. பயிற்சிக்கூடங்கள் உள்ள பிற நகரங்களில் அவற்றுக்கான சட்டங்கள் பொது ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. நம்மிடமும் அப்படி இருத்தல் நன்று. அதைக் கல்லில் பொறித்துக் கூடத்திலேயே நிறுத்தினால் இளைஞர்க்கு நாணம் மிகும், தலைவர்க்குக் கீழ்ப்படிவர், கூடத்தின் வருவாயும் வீணாகாது. இதுவே முன்மொழிந்தவர்களின் வாதம். சுவரில் அறிவிப்பை ஒட்டுகிற இன்றைய உரிமையாளரின் நம்பிக்கையும் ஏறத்தாழ இதுதான்: கண்ணில் படும் இடத்தில் எழுதி வைத்தால் மனிதன் சிறிதாவது கூசுவான்.

கிரேக்கக் கூடத்தில் பங்கிட வேண்டியவை எவை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இன்றுபோல் இரும்பு இயந்திரங்கள் அங்கில்லை. எறிவதற்கு வட்டும் ஈட்டியும் இருந்தன. நீளம் தாண்டுவோர் கையில் பிடிக்கும் கல் எடைகள் இருந்தன. குத்துப் பயிலுவதற்குத் தொங்கவிட்ட தோற்பை இருந்தது. கருவிகள் ஆளுக்கேற்ப மாறின என்பதற்குச் சான்றுகள் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ், வீரன் அயாக்ஸின் முழங்கால் சில்லைப் பற்றிய செய்தியைச் சொல்லுமிடத்தில், ஐந்து விளையாட்டுப் போட்டியில் சிறுவர் எறியும் வட்டளவு அது இருந்ததாக ஒப்பிடுகிறார். சிறுவர் வட்டென ஒன்று தனியே இருந்தமை இதனால் விளங்குகிறது. பயிற்சிக்கலை பற்றி எழுதிய பிலோஸ்திரத்தஸ், குத்துச்சண்டை வீரர்க்கு எடை குறைந்த பையும், மல்லும் குத்தும் கலந்த பங்கிராத்தியம் பயில்வோர்க்குக் கனத்த பையும் வேண்டும் என்கிறார்.

ஆயினும் கருவிகளைவிட அரிதானவை வேறு சில: களத்தின் இடம், பகலின் பொழுது, ஆசிரியரின் கவனம், எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய். நாள்தோறும் உடம்பெங்கும் பூசும் ஒலிவ எண்ணெய் பெருஞ்செலவு. கிரேக்கச் சாசனங்களில் பயிற்சி பெறுவோரை 'எண்ணெய் பூசிக்கொள்வோர்' என்றே குறிப்பிடுவதுண்டு. கூடத்தில் ஒருவனுக்கு உறுப்புரிமை உண்டா என்று கேட்பதும், பொது எண்ணெயில் அவனுக்குப் பங்குண்டா என்று கேட்பதும் ஒன்றே.

பெரோயாவின் சட்டம் இப்பங்கீட்டை வயதால் அளக்கிறது. கூடத்துக்கு வருவோர் சிறுவர், எஃபீபர் எனப்படும் பதின்பருவ முடிவினர், முப்பதுக்குட்பட்ட இளைஞர், அதற்கு மேற்பட்டோர் எனப் பிரிகின்றனர். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் கூடத்தலைவர் முப்பது வயதுக்குக் குறையாதவராகவும் அறுபதைத் தாண்டாதவராகவும் இருத்தல் வேண்டும். அவர் தெய்வங்களின் பெயரால் உறுதிமொழி ஏற்ற பின்னரே பொறுப்பேற்கிறார்.

முறைவைப்பு எவ்வாறு நடந்தது? கூடத்தில் ஓர் அடையாளம் ஏற்றி இறக்கப்பட்டது. அது இறக்கப்பட்டிருக்கையில் முப்பதுக்குட்பட்ட எவரும் தலைவரின் இசைவின்றி ஆடை களையக்கூடாது. ஏற்றப்பட்ட பின் மற்றோரும் இசைவின்றிக் களையக்கூடாது. ஆடை களைதல் என்பது களத்தில் இறங்குதல். இங்கே இடமில்லையென்று அதே நகரத்தின் வேறொரு மற்களத்துக்குப் போய் எண்ணெய் பூசிக்கொள்வதும் தடுக்கப்பட்டது. மீறினால் ஐம்பது டிராக்மா தண்டம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸில் கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி ஒரு டிராக்மா அளவில் இருந்தது. காலமும் ஊரும் வேறெனினும் தண்டத்தின் கனத்தை அதிலிருந்து ஒருவாறு உய்த்துணரலாம்.

எஃபீபரும் இருபத்திரண்டு வயதுக்குட்பட்டோரும் ஈட்டியும் வில்லும் பயில வேண்டியது நாட்கடமை. அது சிறுவர் எண்ணெய் பூசிக்கொண்ட பொழுதையொட்டி நடைபெற வேண்டும். சிறுவர் தம் ஆசிரியரிடம் பயிலும் நேரத்தில் பெரிய பிள்ளைகளுக்கு வேறு வேலை காத்திருந்தது என்பது இதன் பொருள்.

சிறுவர் பற்றிய பகுதி இச்சட்டத்தின் உயிர்நாடி எனலாம். இளைஞர் எவரும் சிறுவர் நடுவே புகலாகாது, அவர்களோடு பேசவும் ஆகாது. மீறுவோரைத் தலைவர் தடுத்துத் தண்டிக்க வேண்டும். இளையோரும் மூத்தோரும் ஆடையின்றிப் புழங்கும் இடத்தில் இவ்விலக்கின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கிரேக்கச் சமுதாயத்தில் ஆண்களுக்கும் சிறுவர்க்கும் இடையிலான உறவுகள் முளைவிட்ட இடங்களுள் கூடம் முதன்மையானது. பிளேட்டோவின் 'லைசிஸ்' என்னும் உரையாடல் நிகழ்வதும் மற்களம் ஒன்றில்தான். அன்று ஹெர்மீஸ் திருவிழா என்பதால் சிறுவரும் இளைஞரும் கலந்திருக்கின்றனர் என்று அதில் ஒருவர் விளக்குகிறார். கலந்திருப்பதற்கு விழா என்னும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது என்பது கவனத்துக்குரியது. கி.மு. 346-345இல் திமார்க்கஸ் மீது வழக்காடிய ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் எஸ்கினெஸ், பள்ளிகளையும் மற்களங்களையும் கதிரவன் எழுமுன் திறக்கலாகாது, மறையுமுன் மூடிவிட வேண்டும் என்ற பழைய விதியை நினைவூட்டுகிறார். இருளையும் தனிமையையும் சட்டம் அஞ்சியது.

பெரோயாவின் சட்டம் பிள்ளைகளைக் காப்பதோடு நின்றுவிடவில்லை. அவர்களுக்குரியது அவர்களைச் சென்றடைகிறதா என்றும் பார்த்தது. சிறுவரின் ஆசிரியர்கள் நாளுக்கு இருமுறை, தலைவர் குறித்த நேரத்தில் வந்தாக வேண்டும். நோயோ தவிர்க்கவியலாத தடையோ இன்றி வராதவர்க்கு நாளொன்றுக்கு ஐந்து டிராக்மா தண்டம். ஆண்டுக்கு மூன்று முறை சிறுவரின் தேர்ச்சி சோதிக்கப்படும். வென்றவர்க்கு ஒலிவ இலை முடி சூட்டப்படும். வலியோர் களத்தை அடைத்துக்கொண்டால் மெலியோர்க்கு எஞ்சுவது மூலைதான் என்பதை இச்சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

செல்வம் மிக்க நகரங்கள் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தன. இன்றைய துருக்கியிலுள்ள பெர்காமோன் நகரத்துக் கூடம் மலைச்சரிவில் மூன்று தளங்களாக எழுந்தது. கீழ்த்தளம் சிறுவர்க்கும் நடுத்தளம் எஃபீபர்க்கும் மேல்தளம் இளைஞர்க்கும் உரியவை என்று ஆய்வாளர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். பொருளுள்ள இடத்தில் பிணக்கு கட்டடத்தால் தீர்கிறது. அது குறைந்த இடத்தில் கடிகாரத்தாலும் கண்ணியத்தாலும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

முதியோரைப் பற்றியும் ஒரு சொல். பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில், தோல் சுருங்கி, காண்பதற்கு இனிமையற்றவராகிய பின்னும் கூடத்துக்கு வந்து விருப்பத்துடன் பயிலும் கிழவர்களைக் குறிப்பிடுகிறார். பெண்களும் ஆண்களோடு பயிலலாம் என்ற புதுமையை வாதிடும்போது, நகைப்புக்குரியதாகத் தோன்றக்கூடிய காட்சிக்கு ஒப்புமையாகவே அவர்களைக் கொண்டுவருகிறார். ஒப்புமை சற்றுக் கொடியதுதான். ஆனாலும் இளைஞர் நடுவே முதியவர் விடாமல் வந்து கொண்டிருந்தனர், எவரும் அவர்களை வெளியேற்றவில்லை என்ற செய்தி அதில் கிடைக்கிறது.

இனி, சட்டத்தின் கடுமையான முகத்தைக் காண்போம். கூடத்தலைவரை இழித்துப் பேசினால் ஐம்பது டிராக்மா தண்டம். அவரை அடித்தால் நூறு. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது அடுத்த விதி. தலைவர் அடிக்கப்படும்போது அருகிலிருந்தும், உதவ முடிந்தும், உதவாது நின்றவர்க்கும் ஐம்பது டிராக்மா தண்டம் உண்டு. பொது இடத்தின் ஒழுங்கு காவலர் ஒருவரின் சுமை மட்டுமன்று, பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அதில் பங்குண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. கூடத்தில் திருடியவன் கோயிலில் திருடியவனாகவே கருதப்பட்டு வழக்குக்குள்ளானான். தலைவர் பதவி முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைப் பலகையில் எழுதி எல்லோரும் காண வைக்க வேண்டும். உடம்பிலிருந்து வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுத்த எண்ணெயும் வியர்வையும் புழுதியும் கலந்த கசடுகூட வீணாகவில்லை. அதற்கு மருந்துக்குணம் உண்டென அக்காலத்தார் நம்பினர். அதை விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. அவ்வருவாயும் கூடத்தின் கணக்கில் சேர்ந்தது.

விழா நாளில் நல்லுடற்கட்டு, நல்லொழுங்கு, உழைப்பார்வம் ஆகிய மூன்றுக்கும் முப்பதுக்குட்பட்டோர்க்குப் போட்டிகள் நடந்தன. ஓட்டத்தில் முந்துவது வேறு, முறை தவறாதிருப்பது வேறு, இரண்டாவதுக்கும் பரிசுண்டு. பந்த ஓட்டத்தின் தலைவர்களாக இளைஞருள் மூவர் அமர்த்தப்பட்டனர். பத்து நாள் எண்ணெய்ச் செலவு அவர்களைச் சார்ந்தது. சிறுவரிடையேயும் மூவர் அவ்வாறே அமர்த்தப்பட்டனர். பொதுச்சொத்தில் பங்கு கொள்பவன் பொதுச்செலவிலும் தோள்கொடுக்கப் பழக வேண்டும் என்ற பாடம் இதில் உண்டு.

இவ்வளவு நுண்மையான சட்டம் யாருக்காக என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இக்கல்லைப் போற்றிவிட முடியாது. கூடத்தில் ஆடை களையக்கூடாதவர் யாவர் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. அடிமை, விடுதலை பெற்ற அடிமை, இவர்தம் மைந்தர், உடல்தகுதி அற்றவர், உடலை விற்றவர், சந்தையில் தொழில் செய்வோர், குடித்திருப்போர், பித்துற்றோர். தெரிந்தே இவர்களை எண்ணெய் பூச விட்ட தலைவர்க்கு ஆயிரம் டிராக்மா தண்டம். தலைவரை அடித்ததற்கு நூறுதான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய குற்றம் அடியன்று, கலப்பு. பெண்களைப் பெயரிட்டு விலக்கவும் இச்சட்டத்துக்குத் தேவை எழவில்லை.

குடித்தவரை விலக்குவதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. சந்தையில் கடை வைத்தவன் செய்த பிழைதான் என்ன? அவனிடம் வாங்கிய அதே எண்ணெயை அவன் மேனியில் பூசிக்கொள்ளலாகாது என்பதன் நியாயம் என்ன? பொதுக்கிணற்றில் யார் நீர் மொள்ளலாம் என்பதற்கும் பட்டியல் வைத்திருந்த நாட்டில் பிறந்த நமக்கு விடை புதிதன்று. உள்ளே இருப்போரிடையே ஒழுங்கும் பரிவும் நிலவின. அவை வாயிற்கதவை இறுகச் சாத்திக்கொண்டு வளர்ந்தவை. வெளியிலிருப்போரை மறந்து அந்த ஒழுங்கைப் பாராட்டுவது எளிது. விலக்கப்பட்டோரை மட்டும் எண்ணி அந்த ஒழுங்கில் ஏதுமில்லை என்று தள்ளுவதும் எளிது. வரலாறு பயில்வோர் இரண்டையும் ஒருசேரக் காணப் பழக வேண்டும்.

இன்றைய கூடத்தில் அப்பட்டியல் இல்லை. பணம் கட்டிய எவரும் உள்ளே வரலாம். கட்ட இயலாதவர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர் என்பது வேறு கதை. பதினெட்டு வயதினரும், மூட்டுவலிக்கு மருத்துவர் சொன்னதால் வந்த அறுபது வயதினரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மாரும் ஒரே கண்ணாடியின் முன் நிற்கின்றனர். பெரோயாவின் பார்வையில் இது பெருங்கலப்பு. நம் பார்வையில் இது அரும்பேறு. ஆனால் முறை வைக்கும் அடையாளமும் தலைவரின் தண்டமும் இங்கில்லை. இளைஞர் ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி இருக்கையை அடைத்து அமர்ந்திருக்க, பெரியவர் ஒருவர் கேட்கக் கூசி ஓரமாக நிற்கிறார். கனத்த தகடுகளைத் தண்டிலேயே விட்டுச் செல்பவர்க்கு, அடுத்து வருபவர் அவற்றைக் கழற்ற வலுவற்றவராக இருக்கலாம் என்ற எண்ணம் எழுவதில்லை. பிறர் உடம்பைப் பார்த்து நகைப்பதும், கேளாமலே அறிவுரை சொல்வதும் எல்லா வயதினரிடமும் உண்டு.

பெரோயாவினர் கதவைத் திறந்திருந்தால் இச்சட்டம் நிலைத்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். நாம் கதவைத் திறந்துவிட்டோம். ஆகவே, சட்டத்தின் வேலையை இனி நம் பழக்கம் செய்தாக வேண்டும்: மெலியவர்க்கு நேரம் ஒதுக்குதல், எடுத்ததை வைத்தல், தவறு நடக்கையில் பாராதவர்போல் நில்லாதிருத்தல். இவற்றுள் கடைசியானதற்கு அவர்கள் ஐம்பது டிராக்மா விதித்தனர். நமக்கு விதிப்பவர் எவருமில்லை என்பதால் அக்கடமை குறைந்துவிடவில்லை.