விழியில் படர்ந்த திரை

முதியவர் தோபித்தின் விழிகளில் வெண்படலம் படர்ந்ததையும், மருத்துவர்கள் மருந்திட இடப் பார்வை மேலும் மங்கியதையும் விவிலியத்தில் வாசிக்கிறோம். கண் சிகிச்சைமீது மனிதர் கொண்ட அச்சம் அத்துணைப் பழமையானது.

அவ்வச்சம் காரணமற்றதன்று. பல நூற்றாண்டுகளாகக் கண்புரைக்குக் கிடைத்த சிகிச்சை, மங்கிய வில்லையை ஊசியால் விழிக்குள்ளேயே கீழே தள்ளுவதுதான். இசைமேதை செபாஸ்தியன் பாக் 1750இல் லைப்சிக் நகரில் இருமுறை கண் அறுவைக்கு உள்ளானார். அது பலனளிக்கவில்லை, உடல்நலம் குன்றி, அவ்வாண்டு ஜூலை 28இல் மறைந்தார்.

பிரெஞ்சு மருத்துவர் தாவியேல் 1747இலேயே வில்லையை வெளியே எடுக்கும் முறையைக் கைக்கொண்டிருந்தார். ஆயினும் அச்சம் அகலவில்லை. ஓவியர் மோனேவுக்குக் கண்புரை இருப்பது 1912இல் தெரியவந்தது. சக ஓவியர் மேரி கசாட்டுக்கு அறுவை பயனளிக்காததை அறிந்திருந்த அவர் ஆண்டுக்கணக்கில் மறுத்து வந்தார். 1922இல் அவரது வலக்கண் ஒளியை மட்டுமே உணர்ந்தது. மருத்துவரும் முன்னாள் பிரதமருமான நண்பர் கிளெமான்சோ வற்புறுத்திய பின்னரே, 1923இல் தம் 82ஆம் வயதில் இசைந்தார். சோர்வும் சினமும் மிகுந்த மாதங்களுக்குப் பின், கண்ணாடியின் துணையால் மீண்டும் படிக்கவும் தீட்டவும் அவரால் முடிந்தது.

தயங்கும் காலத்தில் படிப்பதற்கு வழியில்லையா? உண்டு. கண்ணாடித் துண்டு எழுத்தைப் பெரிதாக்கி முதியோர்க்கும் பார்வை மங்கியோர்க்கும் உதவும் என்று, பிரான்சிஸ்கன் துறவி ரோஜர் பேக்கன் 1267இல் திருத்தந்தை நான்காம் கிளமென்ட்டுக்கு அனுப்பிய நூலில் எழுதினார். உருப்பெருக்கி, பெரிய எழுத்துப் பதிப்பு, தோளின் பின்னிருந்து தாளில் விழும் விளக்கொளி, புதிதாக அளவிட்ட மூக்குக்கண்ணாடி ஆகியன இன்றும் கைகொடுக்கும். இவற்றை நாடுவதில் இழுக்கில்லை. ஆனால் இவை எழுத்தைத் தெளிவிக்குமேயன்றிப் புரையை நீக்கா. சொட்டு மருந்தாலும் அது கரையாது. நெடுங்காலம் விட்டால் புரை முற்றி, அறுவையும் கடினமாகும்.

1949இல் இலண்டனில் மருத்துவர் ரிட்லி, எடுத்த வில்லைக்கு ஈடாகச் செயற்கை வில்லையைப் பொருத்த வழிகண்டார். இன்று பெரும்பாலோர் அறுவை முடிந்த அன்றே இல்லம் திரும்புகின்றனர். ஆபத்து அறவே இல்லையென்று கூறவியலாது. எனினும் பாக் காலத்து அச்சத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை.

தோபித்துக்கு நலம் தரும் வழியைக் காட்டியவர் வானதூதர் இரபேல். மருந்திட்ட கையோ மகனுடையது. நம் இல்லத்து முதியோர் தயங்கும்போது, நகையாடாமல் அவர்தம் அச்சத்தைச் செவிமடுத்து, கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடன்.