கடனாக வந்த நிவாரணம்

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவில் நாடு மூடப்பட்டது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். கொரோனாவுக்குச் சாதி தெரியாது என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். கிருமிக்குத் தெரியாமல் இருக்கலாம். வங்கிக்குத் தெரியும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. அது ஒரு சங்கிலி போல இயங்குகிறது. பெரிய கம்பெனி வண்டி செய்யும். அதற்குப் பாகம் கொடுக்க ஒரு நடுத்தரக் கம்பெனி இருக்கும். அந்தக் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்ய, வாடகை ஷெட்டில் இரண்டு லேத் வைத்திருப்பவர் இருப்பார். 2020 ஏப்ரலில் மாருதி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. மேலே விற்பனை பூஜ்யம் என்றால் கீழே ஷெட்டில் வேலை பூஜ்யம். வாடகை மட்டும் பூஜ்யம் ஆகாது. செய்து கொடுத்த வேலைக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் இருக்கிற ஒரே கஸ்டமர்மீது யார் புகார் கொடுப்பார்?

அந்த லேத்துக்கும் கீழே ஓர் உலகம் உண்டு. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நம்பிய டிபன் வண்டி, பீஃப் பக்கோடா தள்ளுவண்டி, பேருந்து நிலையத்தின் ஓரத்தில் செருப்புத் தைக்கிறவர். ஆபீஸ் போகிறவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் எந்தச் செருப்பு அறுந்து தைக்க வரும்? இவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. எந்தத் தொழில் பதிவேட்டிலும் பெயர் இல்லை.

மே 13 அன்று ஒன்றிய அரசு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் அறிவித்தது. பிணை வேண்டாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாருக்கு? 2020 பிப்ரவரி 29 அன்று ஏற்கெனவே கடன் நிலுவையில் வைத்திருந்தவர்களுக்கு, அந்த நிலுவையில் 20 சதவீதம். அதாவது, வங்கிக்குள் முன்பே நுழைந்தவர்களுக்கு. ஜூன் 1 அன்று தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் வந்தது. அதற்கு அடையாள அட்டை வேண்டும், அல்லது கணக்கெடுப்பில் பெயர் வேண்டும், அதுவும் இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதம் கிடைக்காதவர்கள் கந்துவட்டிக்காரரிடம் போனார்கள். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

சரி, முன்பே ஏன் வங்கிக்குள் நுழையவில்லை? பிணையாக வைக்கப் பட்டா இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நூறு வருடக் கணக்கு இருக்கிறது. இந்தப் புறநகர்க் கிராமங்கள் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருடம் விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை மீட்கக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரைப் பறிகொடுத்தோம்.

2015-16 தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டில் 6.34 கோடி சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள். அவற்றில் பட்டியல் சாதியினருடையவை 12.45 சதவீதம். மக்கள்தொகையிலோ நம் பங்கு 16.6 சதவீதம். அந்த 12.45க்குள்ளும் பெரும்பாலானவை ஒற்றை ஆள் கடைகள்தான்.

பூந்தமல்லிப் பக்கம் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொற்று பரவியதால் மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் திருமழிசையில் தற்காலிகச் சந்தை. ஆயிரக்கணக்கான கடைகள் இருந்த இடத்திலிருந்து, சுமார் 200 காய்கறி மொத்தக் கடைகளுக்கு மட்டும் அங்கே இடம் கிடைத்தது. சில்லறைக் கடைக்காரர்களுக்கு இடமில்லை. கோயம்பேட்டில் சிதறிய காயைப் பொறுக்கிக் கூறு கட்டி விற்ற பெண்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மழை பெய்தபோது சந்தை சேறானது. அந்தச் சேற்றில் மூட்டை தூக்கியவர்கள் எந்தச் சேரிகளிலிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு தொலைக்காட்சி விவாதமும் நடக்கவில்லை. செப்டம்பர் 28 அன்று கோயம்பேடு திறந்தபோதும் முதலில் உள்ளே போனவர்கள் மொத்த வியாபாரிகள். சிறு கடைகளின் முறை அதற்குப் பிறகே வந்தது.

2021 மே 10 அன்று மறுபடியும் முடக்கம். இந்த முறை மாநில அரசு அரிசி அட்டைக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தது. சிபில் மதிப்பெண் இல்லை, கடிதம் இல்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ரேஷன் கடையில் அட்டையை நீட்டினால் கையில் பணம். ஆவடியில் நாங்கள் வீடு வீடாகப் பேசியபோது அதைப் பெரும்பாலோர் வாங்கியிருந்தார்கள். தள்ளுவண்டிக் கடனைப் பற்றிக் கேட்டால், "அது எங்க தருவாங்க?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள்.