படிக்க வயசு தடையில்லைன்னு காட்டிய டீச்சரம்மா

நான் மாமல்லபுரம் பக்கத்து கிராமத்துக் குடும்பத் தலைவி, பத்தாவது படிச்சவ. நம்ம மலரில் சகோதரி சுப்புலட்சுமி அம்மாவைப் பற்றி எழுதுறேன்.

1886-ல் பிறந்தவங்க. 11 வயசுல கல்யாணம். கொஞ்ச நாள்லயே கணவர் இறந்துட்டார். அந்தக் காலத்துல அப்படிப்பட்ட பொண்ணுக்கு வீட்டு மூலைதான். ஆனா அப்பா படிக்க வைச்சார். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினாங்க. தன்னைப் போல இளம் வயசுல கணவரை இழந்த பொண்ணுங்களை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்க வைச்சுப் படிக்க வைச்சாங்க. அவங்கள்ல பலர் ஆசிரியை ஆனாங்க. வயசு கடந்த பெண்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயா தொடங்கினாங்க. லேடி வெலிங்டன் பயிற்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியையாவும் இருந்தாங்க.

ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கல. 1954-ல், இன்னிக்கு நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துல இருக்கிற மாடம்பாக்கம் கிராமத்துல பெண்கள், குழந்தைகளுக்கு நல மையம் அமைய உதவினாங்க. 1958-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. 1969-ல் மறைந்தாங்க.

எங்க குழுவுல கைநாட்டு வைச்ச அக்கா ஒருத்தங்க இப்ப தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடுறாங்க. ஆனா பாஸ்புக்கைப் படிக்கத் தெரியாதவங்க இன்னும் இருக்காங்க. உங்க ஊர்ல ஓய்வு பெற்ற டீச்சர் இருந்தா, வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்க. நம்ம கடன் கணக்கை நாமே படிக்கணும்.