திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் இணையச் சார்பு

இணையச் சார்பு என்பது, ஒரு வேலையை இணையம் வழியாகச் செய்யும் வசதி மெல்ல மெல்ல வளர்ந்து, இணையம் இல்லாமல் அந்த வேலையை முடிப்பதே கடினம் என்ற நிலைக்கு வந்து சேர்வதாகும். வசதிக்கும் சார்புக்கும் இடையிலான கோடு, பழைய வழி திறந்திருக்கிறதா அடைபட்டதா என்பதில் இருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த மாற்றத்தைக் கடந்த 25 ஆண்டுகளில் படிப்படியாகக் காண முடிகிறது. திருப்பதி 2022 ஏப்ரல் 4 அன்று தனி மாவட்டம் ஆயிற்று. அதுவரை அந்நகரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

தொடக்கம்: குப்பம்

சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாடு, கர்நாடக எல்லைகளை ஒட்டிய குப்பம் தொகுதியில், தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர்களில், 2002-இல் எச்பி நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கின. ஊர்களில் பொது இணைய மையங்கள் அமைந்தன. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் கையடக்க அச்சுப்பொறியும் கொடுக்கப்பட்டன. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் கூடவே வந்தன. அப்பெண்கள் அடையாள அட்டைக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் படம் எடுத்து, அங்கேயே அச்சிட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். அந்தக் காலத்தில் இணையம் ஊருக்கு வந்த கூடுதல் வசதி மட்டுமே. மையத்துக்குப் போகாதவருக்கும் எந்த வேலையும் நிற்கவில்லை.

அரசுச் சான்றிதழ்கள்

அரசு அலுவலக வேலைகள் இணையத்துக்கு மாறியதில் மீசேவா திட்டம் முக்கியமானது. தெலுங்கில் ‘மீ’ என்றால் ‘உங்கள்’. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த முதலமைச்சர் என். கிரண்குமார் ரெட்டி 2011 நவம்பர் 4 அன்று திருப்பதியில் இதைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன் சாதிச் சான்றிதழுக்கும் நில ஆவண நகலுக்கும் மண்டல வருவாய் அலுவலகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியிருந்தது. மீசேவா வந்தபின் ஆவணங்கள் கணினித் தரவுத்தளத்தில் ஏறின. தாசில்தார் டிஜிட்டல் கையொப்பம் இட்டார். மனுதாரர் பக்கத்து மையத்தில் கட்டணம் கட்டி அச்சுப்பிரதி வாங்கிக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் கணினியைத் தொட்டவர் மைய ஊழியர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சான்றிதழ் வாங்க முடிந்தது.

2019-இல் வந்த கிராம, வார்டு செயலகங்கள் இதே முறையை ஊர்தோறும் கொண்டுசென்றன. 2025 ஜனவரி 30 அன்று ‘மன மித்ர’ என்ற பெயரில் 161 அரசுச் சேவைகள் வாட்ஸ்அப்புக்கு வந்தன. நடுவில் இருந்த ஊழியரின் வேலை இதனால் பயனரின் கைக்கு மாறியது. வேளாண்மையிலும் இதே போக்குதான். விதைத்த பயிர் ‘இ-கிராப்’ பதிவில் ஏறியிருந்தால்தான் காப்பீடு, நிவாரணம் போன்றவற்றுக்கு விவசாயி எளிதில் தகுதி பெறுகிறார்.

தரிசனப் பதிவு

இணையச் சார்பு மிகத் துலக்கமாகத் தெரியும் இடம் திருமலை. வேங்கடேசுவரர் கோயிலுக்கு நாள்தோறும் 60,000 முதல் 80,000 பேர் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருவோரும் அவர்களில் ஏராளம். கோயிலை நிர்வகிக்கும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2014 முதல் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகளை இணையத்தில் விற்கத் தொடங்கியது.

இப்போதைய முறைப்படி, மூன்று மாதம் கழித்து வரும் மாதத்துக்கான சீட்டுகள் ஒவ்வொரு மாதமும் குறித்த நாள்களில் வெளியாகின்றன. சுப்ரபாதம், தோமாலை போன்ற சேவைகளுக்கு 18-ஆம் தேதி குலுக்கல் பதிவு தொடங்கும். கல்யாண உற்சவச் சீட்டுகள் அதற்குச் சில நாள் கழித்து வெளியாகும். 300 ரூபாய்ச் சீட்டு 24-ஆம் தேதி காலை 10 மணிக்கும், தங்கும் அறை அன்று பிற்பகல் 3 மணிக்கும் திறக்கும்.

24-ஆம் தேதி காலையில் தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவரின் பெயர், வயது, ஆதார் எண் ஆகியவை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைக்கப்படும். இரண்டு மூன்று செல்போன்களில் ஒரே நேரத்தில் தளம் திறக்கப்படும். ஓடிபி வந்து உள்ளே நுழைந்தால், திரையில் காத்திருப்பு நேரம் ஓடும். முறை வந்ததும் தேதியைத் தேர்ந்து, அதிகபட்சம் ஆறு பேரின் விவரங்களை நிரப்பிப் பணம் செலுத்த வேண்டும். அதற்குள் விரும்பிய நாள் தீர்ந்துவிடுவதும் உண்டு. செல்போன் கையாளத் தெரியாதவர்கள் பிரவுசிங் சென்டரையோ உறவுக்காரப் பிள்ளைகளையோ நாடுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சீட்டு எடுத்துத் தந்த செல்போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. வரிசைக்கு முன்பே அதை ஒப்படைத்துவிட வேண்டும்.

பெருந்தொற்றும் அதன் பின்னும்

கோவிட் பரவலால் 2020 மார்ச் 20 முதல் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் மாதம் கோயில் திறந்தபோது குறைந்த எண்ணிக்கையிலேயே அனுமதி இருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் இணையவழிக் கல்யாண உற்சவம் அந்த ஆகஸ்டில் தொடங்கியது. 2021 செப்டம்பரில், புரட்டாசிக் கூட்டம் திருப்பதி மையங்களில் குவிவதைத் தவிர்க்க, இலவச சர்வ தரிசன டோக்கனும் இணையத்துக்குப் போனது. நாளொன்றுக்கு 8,000 வீதம் விடப்பட்ட அந்த டோக்கன்கள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. கட்டணமில்லாத தரிசனத்துக்கும் இணைய இணைப்பு வேண்டும் என்ற நிலை அப்போதுதான் முதன்முதலாக வந்தது. 2022 பிப்ரவரியில் நேரடி டோக்கன் மீண்டும் தொடங்கியது.

நேரடி முறைக்கும் ஆபத்து உண்டு. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, 2025 டிசம்பர் 30 முதலான முதல் மூன்று நாள்களுக்கு, டோக்கன்கள் இணையக் குலுக்கல் மூலம் மட்டுமே ஒதுக்கப்பட்டன. தெருவில் நின்ற வரிசை இப்படித் திரைக்கு மாறியதில் நெரிசலின் ஆபத்து நீங்கியது. ஆனால், முந்தைய இரவே வந்து காத்திருந்து டோக்கன் வாங்கும் வழி அந்நாள்களில் அடைபட்டது.

துணை ஏற்பாடுகள்

சீட்டுக்கு அப்பாலும் இணையம் பரவியுள்ளது. 2023 மார்ச் 1 முதல் அறை ஒதுக்கீட்டிலும் லட்டு டோக்கனிலும் முகமறியும் முறை சோதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 15 முதல் அலிபிரி வழியாக மலையேறும் வண்டிகளுக்கு ஃபாஸ்டேக் கட்டாயம். காணிக்கைக்கு இ-உண்டியல் இருக்கிறது. 2016-இல் வந்த யுபிஐ, பூக்கடை, டீக்கடை வரை க்யூஆர் அட்டையைக் கொண்டுவந்துவிட்டது.

சிக்கல்கள்

தேவை மிகுந்த இடத்தில் மோசடியும் சேர்ந்துகொள்கிறது. தேவஸ்தானத் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளங்கள் பக்தர்களிடம் பணம் பறித்தன. 2023-க்குள் அவற்றின் மீது 40-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. தரகர்களும் தொழிலை இணையத்துக்கு மாற்றிக்கொண்டனர். முதியோர், தனி செல்போன் இல்லாத பெண்கள், ஆதாரில் செல்போன் எண் இணைக்காதவர்கள் ஆகியோர் மற்றவரை நம்ப வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு இணையச் சார்பு என்பது நடைமுறையில் இன்னொரு மனிதரைச் சார்வதுதான்.

பழைய வழிகள் முற்றிலும் மறையவில்லை. மீசேவா மையங்கள் இயங்குகின்றன. திருப்பதியில் அடையாள அட்டையைக் காட்டி அன்றன்று சர்வ தரிசன டோக்கன் வாங்கலாம். அதுவும் கிடைக்காதவர்கள் திருமலைக்குப் போய் வைகுண்டம் வரிசை வளாகத்தில் நேராக நிற்கலாம். கூட்ட நாள்களில் இந்த வரிசை பல மணி நேரம் நீளும். ஆனால் இதில் நிற்கச் செல்போனோ முன்பதிவோ தேவையில்லை.