கிறித்தவ மரபில் மலர்க் குறியீடு

கிறித்தவ ஓவியத்தில் பூ வெறும் அலங்காரம் அல்ல. வெள்ளை லீலி மரியாளின் கன்னிமையைக் குறிக்கும். சிவப்பு ரோஜா மறைசாட்சிகளின் குருதியை. வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சியில் பெரும்பாலும் தூதர் கையிலேயே லீலி இருக்கும். சிமோனே மார்த்தினியின் 1333ஆம் ஆண்டு ஓவியத்தில் தூதர் ஏந்தியிருப்பது ஒலிவக் கிளை. லீலியோ நடுவே ஜாடியில் நிற்கிறது. ஓவியர் சியன்னாக்காரர், லீலி பகை நகரமான புளோரன்சின் சின்னம் என்று காரணம் சொல்வார்கள்.

தமிழகத்தின் பழைய சான்று கல்லில் இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் 1547இல் கிடைத்த, பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்து சூழ்ந்த சிலுவையில் ஏசுவின் உடல் இல்லை. நான்கு முனைகளும் மொட்டாக முடிகின்றன. அடியில் இலையா தாமரை இதழா என்று மயங்க வைக்கும் சுருள்கள். வதையின் மரம் இங்கே பூத்து நிற்கிறது.

மரியாளை மணக்க வந்தோர் வைத்த கோல்களில் சூசையப்பர் கோல் மட்டும் பூத்த கதை விவிலியத்தில் இல்லை, விவிலியத்தில் சேராத பழைய நூல்கள் வழி வந்த மரபு. ரபேல் 1504இல் அதை வரைந்தார். வீரமாமுனிவர் 1726இல் சூசையப்பரையே ‘வளன்’ என்ற பெயரில் நாயகனாக்கித் தேம்பாவணி பாடினார். நூற்பெயருக்கே ‘வாடாத மாலை’ என்று ஒரு பொருள் உண்டு. இன்றும் கத்தோலிக்கக் கோயில்களில் சூசையப்பர் சுரூபத்தை அடையாளம் காட்டுவது நுனியில் வெள்ளைப் பூ விரிந்த அந்தக் கோல்தான். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையோ தன் சின்னத்தில் சிலுவையோடு தாமரையை வைத்துக்கொண்டது. நம் குளத்துப் பூ என்பதால் அதுவே பொருத்தமான தேர்வு.

கொல்லிமலையில் கதை வேறு. இங்கே 1913 முதல் ஊழியம் செய்த ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் பாப்டிஸ்ட் சபையினர். சுரூபம் வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஈவ்லின் இலண்டனில் ஓவியம் பயின்றவர், ஆனாலும் இந்த மலைக்குப் பூ வந்தது படமாக அல்ல, வேத வசனமாக. ஆங்கில வேதாகமம் மலைப்பிரசங்கத்தில் லீலி என்று சொல்லுமிடத்தில் தமிழ் வேதாகமம் ‘காட்டுப்புஷ்பங்கள்’ என்கிறது. மலைவாசிக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ஜெசி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். 1974இல் 95 வயதில் மறைந்த ஈவ்லினை, வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.